கதவு எண் இல்லாத பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேறுகால மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்று அவ்வப்போது உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. மறுக்க ஒன்றுமில்லை. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது நாடு முழுக்கச் சராசரியாக 97 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் 54. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இங்கே ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவம் 99.6 சதவீதம். என்னையும் என் தம்பியையும் எங்கள் அம்மா பெற்றது நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில், மருத்துவச்சி கையில். அதனால் இந்த எண்களின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. குடும்பநலக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் எடுப்பது. வீடே இல்லாதவர்கள் அதில் வர வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அவர்களுக்கென்று ஓர் இரவை, பிப்ரவரி 28-ஐ, ஒதுக்கித் தெருத் தெருவாக எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் என்று கணக்கு வந்தது. அதில் எத்தனை பேர் பிள்ளைத்தாய்ச்சிகள், எத்தனை கைக்குழந்தைகள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் பாரிமுனையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவள். இரவு எட்டு மணிக்கு நாங்கள் ஷட்டரை இறக்குவோம். அதற்கென்றே காத்திருந்ததுபோல நடைபாதைக் குடும்பங்கள் கடை வாசலில் பாயை விரிக்கும். இவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. பாட்டி காலத்திலிருந்து இதே தெருக்களில் மீன்பாடி வண்டி மிதித்து, மூட்டை தூக்கி, பூக் கட்டிப் பிழைப்பவர்கள். எங்கள் கடையில் அட்டை வெட்டியதில் விழும் துண்டுகளை அவர்கள்தான் எடைக்குப் போடுவார்கள். பழக்கம் அப்படி வந்தது.

அவர்களில் ஒரு பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். மூத்தது நடக்கப் பழகும் பையன். மறுபடி உண்டானபோது அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குத் துணைக்கு நான் போனேன். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள், நல்ல கூட்டம். செவிலியர் எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னாள். டோர் நம்பர் என்றார். “கடை வாசல்ல படுக்கறோம்மா” என்றாள். ஆதாரைப் பார்த்தால் பெரும்பாக்கம் என்று இருந்தது. “அங்க போய்ப் பதிஞ்சுக்கோ, இங்க பதிஞ்சா உன்னை நான் எங்கேன்னு தேடுவேன்?” என்று சொல்லிவிட்டார்.

நகரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்தில், அரசு கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவள் மாமியார் பெயரில் ஒரு வீடு இருப்பது உண்மைதான். வீடு கொடுத்தும் ஏன் நடைபாதைக்கு வருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் முதலாளியே கேட்பார். இங்கே லாரி வந்து சரக்கு இறங்குவது நடுராத்திரியில். அந்த நேரத்துக்குப் பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸில் ஏறி வருவது? வீடு அங்கே, சோறு இங்கே. இந்த ஒரு குடும்பத்துக்காவது காட்ட ஓர் ஆதார் இருந்தது. ஆந்திராவிலிருந்து வந்து வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தங்கியிருக்கும் பெண்களிடம் அதுவும் கிடையாது.

செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பொறுப்பில் குறிப்பிட்ட தெருக்கள், வீடுகள். பதிவு செய்த பெண் அடுத்த மாதம் காணாமல் போனால் மேலதிகாரிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எடை பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினார். எண் மட்டும் கொடுக்கவில்லை.

அந்த எண்தான் விஷயம். பிக்மி எண் என்பார்கள். ஒரு பெண் கர்ப்பமானதும் அரசு பதிந்து கொடுப்பது. தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே இப்போது அதைக் கேட்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, அதாவது பணமாக 14,000 ரூபாயும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய் பெறுமானம், அதுவும் இந்த எண்ணைப் பிடித்துத்தான் வரும். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும், பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு எல்லாம் உள்ள அந்தப் பெட்டகம் யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பெண்ணை இங்கே போ, அங்கே போ என்று அலையவிட்டதில் பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது.

அப்புறம் என் மகன்தான், இணையத்தில் நாமே முன்பதிவு செய்யலாம், 102-க்குப் போன் போட்டும் கேட்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னான். முகவரி என்ற இடத்தில் எங்கள் கடையின் கதவு எண்ணை எழுதினோம். முதலாளியிடம் கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். “எழுதிக்கோங்க. நாளைக்குக் கடையில பங்கு கேக்க மாட்டாங்கல்ல?” என்றார். எண் வந்துவிட்டது. தொகைதான் போனது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் நம் ஊரில் எத்தனை காலமாக இருக்கிறது. மாமியார் வீட்டில் பதிந்த எண்ணோடு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாலும் அங்கே பரிசோதனை உண்டு, பிரசவம் உண்டு. அந்த எண் பெண்ணோடு கூடவே போகும்படிதான் ஏற்பாடு. சீமந்தம் முடித்துக் காரில் போகிற பெண்ணுக்குப் பொருந்துவது, தெருமுனையில் படுக்கிறவளுக்கு மட்டும் பொருந்தாதா? அவள் எங்கே படுக்கிறாளோ அதையே முகவரியாக எழுதிக்கொள்ளச் சொல்லி சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். எந்தக் கடை வாசல், எந்தக் கோயில் மதில் என்று நடைபாதைப் பெண்கள் துல்லியமாகவே சொல்வார்கள். 108-க்குப் போன் செய்யும்போது அப்படித்தானே சொல்கிறார்கள்? வண்டி சரியாக வந்து நிற்கிறதே.

பரிசோதனை அறையில் சொல்லும் புத்திமதிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நிறையத் தண்ணீர் குடி, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, மாத்திரை போட்டதும் டீ குடிக்காதே. எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் அந்தப் பகுதியில் கட்டணக் கழிப்பறையை இரவில் பூட்டிவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. விடிந்து திறக்கும் வரை அடக்கிக்கொள்வார்கள். அதனால் நீர்க்கடுப்பு, காய்ச்சல், அடிவயிற்று வலி. கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்றை விட்டால் குறைமாதத்திலேயே பிரசவ வலி எடுக்கலாம் என்று டாக்டரே சொன்னார். டீயோ, அவர்களுக்குக் காலைச் சாப்பாடே அதுதான். மத்தியானத்துக்கு அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய் சாம்பார் சாதம் கிடைப்பதால் ஒரு வேளையாவது வயிறு நிறைகிறது.

படுக்கிற விதத்தையும் சொல்கிறேன். ஷட்டரை ஒட்டிக் குழந்தை, அடுத்தது தாய், ரோட்டுப் பக்கம் புருஷன். பையனின் கணுக்காலைச் சேலைத் தலைப்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் அவள் தூங்குவாள். நடைபாதையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் பயம் சும்மா வந்ததில்லை, உங்கள் நாளிதழிலேயே அந்தச் செய்திகள் வந்திருக்கின்றன. முடிச்சு இழுபட்டால் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவள் பையன் பக்கமே திரும்பிப் படுப்பாள். அது இடது பக்கமா வலது பக்கமா என்பது அன்றைக்கு எந்த வாசல் கிடைத்தது என்பதைப் பொறுத்தது.

ஏழாம் மாதம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் எட்டு கிராமுக்கும் கீழே. அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்தை ட்ரிப்பாக ஏற்றினார்கள். நன்றாகப் பார்த்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. பிரசவமும் அப்படியே. ஆஸ்பத்திரிக் கதவு இவர்களுக்குத் திறந்துதான் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கதவுக்கு வெளியே கழியும் மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவளுக்குப் பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ. எடை குறைவு என்பதால் சட்டையைக் கழற்றி மார்போடு சேர்த்து அணைத்து உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கங்காருக் கவனிப்பு முறை என்று பெயராம், வார்டில் நன்றாகவே பழகிக்கொண்டாள். பிறகு டிஸ்சார்ஜ். தாயையும் சேயையும் இலவசமாக வீட்டில் கொண்டுவிடும் வண்டி உண்டல்லவா, அது வந்து எங்கள் கடை வாசலில் நின்றது. மாலை நாலு மணி. உள்ளே சம்பந்திகள் இருவர், பத்திரிகையில் பிள்ளையார் படம் மேலே வர வேண்டுமா ஓரத்தில் வர வேண்டுமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டுநர் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, “இந்த அட்ரஸ்தானே மேடம், வீடு எங்க?” என்று என்னைக் கேட்டார். நான் படிக்கட்டைக் காட்டினேன். ஐப்பசி மாதம் வேறு, தூறிக்கொண்டிருந்தது. கடை மூடும்வரை குடோனில் உட்காரவைத்தோம். அதற்கு மேல் எங்களாலும் முடியவில்லை.

நடைபாதையில் ஒரு பெண் மார்பைத் திறந்து குழந்தையை அணைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருக்க முடியுமா? பால் கொடுக்கவே ஆள் நடமாட்டம் குறையும்வரை பார்த்திருந்து கொடுப்பவர்கள் அவர்கள்.

நான் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. நம் மாநிலத்தில் மலைப்பகுதிகளில் உள்ள சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை என்று ஏற்கெனவே இருக்கிறது. மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் ஊர்ப் பழங்குடிப் பெண்கள், பிரசவத் தேதிக்கு முன்பே வந்து துணையாளோடு தங்கிக்கொள்ளலாம். அங்கே தூரத்தைத் தடை என்று ஒப்புக்கொண்ட அரசு, இங்கே படுக்க இடமில்லாததைத் தடை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வடசென்னையில் பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஓர் அறை போதும், தொடங்குவதற்கு. கடைசி மாதம் தங்கட்டும். பிரசவத்துக்குப் பின் 42 நாள், டாக்டர்கள் கணக்கில் அதுவரை பேறுகாலம்தான், அதுவரையும் தங்கட்டும். கழிப்பறை, வெந்நீர், மாத்திரையை நனையாமல் வைக்க ஓர் அலமாரி, மூத்த குழந்தையையும் உடன் வைத்துக்கொள்ள அனுமதி. இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள்.

வீடில்லாதவர்களுக்கு மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று, வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னதன் பேரில் பெருகியவை. ஆனால் பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. புருஷனை ஒரு பக்கம், தட்டுமுட்டுச் சாமானை ஒரு பக்கம் விட்டுவிட்டு இவர்கள் போக மாட்டார்கள். திரும்பி வரும்போது படுத்த இடம் வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும் என்ற பயமும் உண்டு. நடைபாதையிலும் இன்னார் இடம் இன்னாருக்கு என்று வரையறை இருக்கிறது.

இதே 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஜங்புராவில் ஒரு மகப்பேறு நிலையம் கவனிக்காமல் விட்டதால் வீடில்லாத ஒரு பெண் மரத்தடியில் குழந்தை பெற்றாள். அந்த வழக்கில் ஜூன் மாதம் தீர்ப்பளித்தவர் நீதிபதி எஸ்.முரளிதர், நம் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். உதவியை எளிதாக்குவதை விட்டுவிட்டு, தான் ஏழைதான் என்று காகிதம் காட்டி நிரூபிக்கும் பாரத்தை ஏழையின் தலையிலேயே வைக்கிறார்கள், அதுவே பெரிய தடை என்ற பொருளில் அதில் எழுதினார். சில மாதங்களில், கன்னாட் பிளேஸ் பக்கம் நடைபாதையிலேயே குழந்தை பெற்று இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆதரவற்ற கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தனிக் காப்பகம் வேண்டும் என்று உத்தரவிட்டது. டெல்லியில் ஓர் உயிர் போன பிறகு அப்படி ஒரு உத்தரவு வந்தது. இங்கே அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை, மூன்றரை, அப்புறம் ஒன்பதாம் மாதம் என்று வரிசையாக இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். நினைவூட்டும் குறுஞ்செய்தி புருஷன் போனுக்குப் போகும், போன் அடகுக் கடையில் இருக்கும். இந்தப் பெண்ணின் தாய் சேய் நல அட்டையை, பத்திரிகை போட்டுக் கொடுக்கும் கண்ணாடிக் கவரில் வைத்து என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். முதல் அட்டை மழையில் கூழாகிவிட்டது. என்னிடம் இப்போது மூன்று குடும்பத்து அட்டைகள் சேர்ந்துவிட்டன, பில் புத்தகங்களுக்கு நடுவே. புதனுக்கு முந்தின நாள் ஷட்டர் இறக்கும்போது குரல் கொடுத்துவிட்டுப் போவேன்.

அதே வரிசையில் ஒரு பையனை நாய் கடித்தது. 28-ஆம் நாள் வரை ஊசி பாக்கி இருக்கும்போது மழைநீர் வடிகால் வேலை என்று அந்த வரிசையையே கிளப்பி விட்டார்கள். எங்கே போனார்கள் என்று கொஞ்ச நாள் யாருக்கும் தெரியவில்லை. பையன் நன்றாக இருக்கிறான், தெய்வாதீனம்தான். வேலை நடக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கிளப்பும் முன் அந்த வார்டு சுகாதார நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால், ஊசியும் காசநோய் மாத்திரையும் பாதியில் நிற்காது. இரண்டும் ஒரே மாநகராட்சியின் துறைகள்தான்.

இவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். போலியோ சொட்டு மருந்து நாளில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையம், ரயில் நிலையம், பாலத்தடி என்று ஒரு இடம் விடாமல் வந்தார்கள். விலாசம் கேட்கவில்லை, விரலில் மை வைத்துவிட்டுப் போனார்கள். அப்படித் தேடியதால்தான் 2014-ல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. எங்கள் வாசலில் படுக்கும் ஆயா ஒருத்தி சொல்வாள்: “சொட்டு மருந்துக்கு மட்டும்தாம்மா நாங்க கண்ணுக்குத் தெரிவோம்.” 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வேறு நடக்கிறது, சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கடை வாசலும் வாசல்தான் என்று சேர்த்துக்கொண்டு, மாதத்துக்கு ஓரிரு முறை இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு செவிலியர் வந்தால் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பகலில் வந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று தயங்கினேன். பதினெட்டு ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், போக்சோ சட்டம். சட்டம் தேவைதான், நடைபாதையில் அந்தப் பெண்களுக்கு நடப்பதெல்லாம் சம்மதத்தோடு நடப்பதில்லை. ஆனால் அந்தப் பயத்தில் குடும்பமே சேர்ந்து வயிற்றை மறைக்கிறது, வலி எடுக்கும்வரை ஒரு பரிசோதனையும் கிடையாது. பதினேழு வயது உடம்புக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். குழந்தைகள் நலக் குழுவும் சுகாதாரத் துறையும் உட்கார்ந்து பேசி இதற்கு ஒரு வழி சொன்னால் நல்லது. எனக்கு வழி தெரியவில்லை.

காத்திருப்பு அறைக்கு இடம் எங்கே என்று கேட்டால், பாரிமுனையைச் சுற்றி மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடங்கள் பல இருக்கின்றன. பாய், போர்வை, கெட்டிலுக்கு எங்கள் தெரு வியாபாரிகளிடம் பேசிப் பார்த்தேன், நாலைந்து பேர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் முதலாளியும் சேர்த்து. எதிர்வரிசையில் இன்னொரு பெண்ணுக்கு இப்போது ஆறாம் மாதம், மார்கழியில் நாள் குறித்திருக்கிறார்கள். பிக்மி எண் இன்னும் வாங்கவில்லை. மாநகராட்சி சுகாதாரத் துறையிலிருந்து யாராவது வந்து பார்ப்பதானால் அவளிலிருந்து தொடங்கலாம். ஞாயிறு தவிர எல்லா நாளும் இரவு எட்டு வரை கடையில் இருப்பேன், அவள் படுக்கும் இடத்தை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாரிமுனை, சென்னை